கோள்நிலை கண்ட பேராசான் வராகமிகிரர்

ஆலயம் வரும் மெய்யன்பர்கள் மூலமூர்த்தியைத் தொழுது, திருச்சுற்று வலம் வந்து, நிறைவாக நவக்கிரக சந்நிதியில் ஒன்பது முறை சுற்றி வணங்கி இல்லம் திரும்புவது மலேசிய, சிங்கப்பூர் ஆலயங்களில் நாள்தோறும் காணும் வழக்கமாகும். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி நாள்களில் அச்சந்நிதியில் அடியார் கூட்டம் அலைமோதும். எந்தக் கோள் எந்த வீட்டில் நிற்கின்றது, எந்த வீட்டைப் பார்க்கின்றது, அதனால் விளையும் பலன் யாது என்னும் வினாக்கள் நம் மக்களின் வாழ்வோடு இரண்டறக் கலந்துவிட்டன. பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது முதல் மணநாள் குறிப்பது வரை அவை துணை நிற்கின்றன; சில வேளைகளில் அச்சத்தையும் ஊட்டுகின்றன.

சிதறிக் கிடந்த இக்கலையின் கருத்துகளைத் தொகுத்து, ஆராய்ந்து, தெளிவான நூல் வடிவில் உலகுக்கு வழங்கிய பெருமக்களுள் முதன்மையானவர் வராகமிகிரர். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பெரியாரின் வரலாற்றை அறிவது, கோள்களின் நிலையைப் பற்றி நாம் கொள்ள வேண்டிய மனப்பாங்கையும் அறிவதாகும்.

ஆதவன் அருள் பெற்றவர்

வராகமிகிரர் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அவந்தி நாட்டில் வாழ்ந்தவர். அவருடைய தந்தையார் ஆதித்யதாசர். ஆதித்தனின் அடியவர் என்பது அப்பெயரின் பொருள். மைந்தருக்கு இட்ட மிகிரர் என்னும் பெயரும் சூரியனையே குறிக்கும். தந்தையே அவருக்கு ஆசிரியராகவும் விளங்கினார். கபித்தகம் என்னும் ஊரில் சூரிய பகவானின் அருளைப் பெற்றதாக வராகமிகிரரே தம் நூலில் குறித்துள்ளார். உஜ்ஜயினிக்கு அருகிலுள்ள காயதா என்னும் சிற்றூரே அது என்பர் ஆய்வாளர் பலர்.

உஜ்ஜயினி அக்காலத்தில் கல்விக்கும் வணிகத்திற்கும் நடுநாயகமாக விளங்கிய மாநகரம். க்ஷிப்ரா நதிக்கரையில் மகாகாளேசுவரர் கோயில் கொண்டுள்ள திருத்தலம் அது. பாரத நாட்டு வானநூலார் தீர்க்கரேகைக் கணக்குகளுக்கு அந்நகரையே அடிப்படையாகக் கொண்டனர். பல திசை அறிஞர்களும் வந்து கூடிய அச்சூழலில்தான் வராகமிகிரரின் அறிவு வளர்ந்து முதிர்ந்தது.

அவருடைய வானநூலாகிய பஞ்சசித்தாந்திகை, சக ஆண்டு 427ஐ, அதாவது கி.பி. 505ஐத் தன் கணக்கின் தொடக்கமாகக் கொண்டுள்ளது. அவர் கி.பி. 587இல் மறைந்தார் என்பது பிற்கால உரையாசிரியர் ஒருவர் தரும் குறிப்பு. அவர் தம்மைப் பற்றிக் கூறியன மிகச் சிலவே. தம் பெருமையை விரித்துரைப்பதில் அவருக்கு நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

வராகம் என்னும் அடைமொழி

மிகிரர் என்னும் பெயருக்கு முன் வராகம் சேர்ந்த விதம் குறித்துச் செவிவழிக் கதையொன்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. விக்கிரமாதித்த மன்னனுக்கு மகன் பிறந்தான். அரசவைச் சோதிடராக இருந்த மிகிரர் குழந்தையின் ஜாதகத்தைக் கணித்தார். கோள்கள் நின்ற நிலை அவர் உள்ளத்தை வாட்டியது. பதினெட்டாம் வயதில், குறிப்பிட்ட நாளில், பன்றியால் இளவரசனுக்கு இறுதி நேரும் என்று அவர் கண்டார். பொய்யுரைத்து மன்னனை மகிழ்விக்க அவரால் இயலவில்லை. கண்டதை உள்ளவாறே எடுத்துரைத்தார்.

மன்னன் நாடாள்பவன் மட்டுமல்லன், தந்தையுமாவான். மகனைக் காக்க அவன் செய்யாத முயற்சி இல்லை. உயர்ந்த மாளிகையொன்றைக் கட்டுவித்து, சுற்றிலும் மதில் எழுப்பி, இரவும் பகலும் காவலரை நிறுத்தினான். எந்தப் பன்றியும் அண்ட முடியாத இடத்தில் இளவரசன் வளர்ந்தான். குறித்த நாளும் வந்தது. மாளிகைக்குள் எந்த விலங்கும் நுழையவில்லை என்று காவலர் நாழிகைதோறும் செய்தி கொணர்ந்தனர். குறித்த வேளையும் கடந்தது. சோதிடரின் கணிப்புப் பொய்த்தது என்று மன்னன் மகிழ்ந்தபோது, இளவரசன் இறந்துவிட்டான் என்று மிகிரர் துயரத்துடன் கூறினார். மேல்மாடத்திற்கு ஓடிச் சென்று பார்த்தோர் திகைத்து நின்றனர். கொடிமரத்தின் உச்சியில் அமைக்கப்பட்டிருந்த அரசச் சின்னமாகிய பன்றியுருவம் காற்றில் பெயர்ந்து விழ, அதன் கீழ் இளவரசன் உயிரற்றுக் கிடந்தான். மகனை இழந்த நிலையிலும் மன்னன் அந்த அறிஞரின் வாய்மையை மதித்து, வராகம் என்னும் பட்டத்தை அவருக்கு அளித்தான் என்று கதை முடிகின்றது.

விக்கிரமாதித்தன் அவையை அணிசெய்த நவரத்தினங்களுள் வராகமிகிரரும் ஒருவர் என்று பிற்கால நூல் கூறுவது உண்மையே. எனினும், விக்கிரமாதித்தன் எனப் பெயர் பெற்ற இரண்டாம் சந்திரகுப்தன் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி புரிந்தவன். வராகமிகிரரோ அடுத்த நூற்றாண்டினர். ஆகவே இக்கதையை வரலாறாகக் கொள்வது அரிது. வராகமிகிரரின் நூல்களிலும் இதைப் பற்றிய குறிப்பு இல்லை.

ஆயினும் இக்கதை ஆழ்ந்து எண்ணத்தக்கது. விதியின் வலிமையை மட்டுமே இக்கதை காட்டுகின்றது. வராகமிகிரரின் உண்மையான உள்ளத்தைக் காண விழைவோர் அவருடைய நூல்களையே நாட வேண்டும். அங்கே நாம் காண்பது அச்சுறுத்தும் மனிதரை அன்று. ஆராய்ந்து, அளந்து, அடக்கத்துடன் பேசும் பேராசானையே காண்கின்றோம்.

பன்னிரு பாவங்கள்

பலன் கூறும் சோதிடத்திற்கு அவர் அளித்த பெருநூல் பிருகத் ஜாதகம். அதன் சுருக்கமாக லகு ஜாதகத்தையும் இயற்றினார். முற்பிறவிகளில் ஈட்டிய நல்வினை, தீவினைகளின் விளைவையே ஜாதகம் காட்டுகின்றது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. இருளில் உள்ள பொருள்களை விளக்கு காட்டுவதுபோல் இச்சாத்திரம் வினைப்பயனைக் காட்டுகின்றது என்று அவர் உவமை கூறி விளக்கினார். விளக்கு பொருளைப் படைப்பதில்லை, இருப்பதைக் காட்டுகின்றது. அவ்வாறே கோள்களும் நமக்குப் பகைவர் அல்லர். நாம் செய்த வினையின் கணக்கைக் காட்டுவோர் அவர்கள்.

அந்தக் கணக்கைப் படிக்கும் முறையே பாவங்களின் அமைப்பு. குழந்தை பிறக்கும் வேளையில் கீழ்வானில் எந்த ராசி உதிக்கின்றதோ அதுவே இலக்கினம், முதல் வீடு. அதிலிருந்து எண்ணிவரப் பன்னிரு வீடுகள் அமையும். உடல், குடும்பமும் செல்வமும், உடன்பிறந்தார், சுற்றமும் வீடும், மக்கட்பேறு, பகை, வாழ்க்கைத்துணை, ஆயுள், அறமும் நற்பேறும், தொழில், வருவாய், செலவு என அவை வரிசையாக வாழ்வின் எல்லாத் துறைகளையும் தழுவி நிற்கின்றன.

ஒரு நாளின் அறுபது நாழிகைக்குள் பன்னிரு ராசிகளும் ஒரு சுற்று உதித்து விடுகின்றன. ஏறத்தாழ ஐந்து நாழிகைக்கு ஒருமுறை இலக்கினம் மாறுகின்றது. ஆகவே, ஒரே நாளில் பிறந்த இருவருக்குக் கோள்கள் ஒரே ராசிகளில் நின்றாலும், அவை அமரும் வீடுகள் வேறாகின்றன. எடுத்துக்காட்டாக, சனி துலாம் ராசியில் உச்சம் பெற்று நிற்பதாகக் கொள்வோம். மகர இலக்கினத்தில் பிறந்தவர்க்கு அது பத்தாம் வீடாகிய தொழில் இடம். அதே நாளில் மேட இலக்கினத்தில் பிறந்தவர்க்கோ அது ஏழாம் வீடாகிய துணைவரின் இடம். கோள் ஒன்றே, ராசி ஒன்றே, நாளும் ஒன்றே; வாழ்வில் அது தொடும் துறையோ வேறு.

கோள்களுக்குத் திசையால் வரும் வலிமையையும் வராகமிகிரர் வகுத்துரைத்தார். புதனும் குருவும் முதல் வீட்டிலும், சூரியனும் செவ்வாயும் பத்தாம் வீட்டிலும், சனி ஏழாம் வீட்டிலும், சந்திரனும் சுக்கிரனும் நான்காம் வீட்டிலும் வலிமை பெறுகின்றனர். எல்லாக் கோள்களும் தாம் நின்ற இடத்திலிருந்து ஏழாம் இடத்தை முழுமையாக நோக்குகின்றன. சனி மூன்று, பத்தாம் இடங்களையும், குரு ஐந்து, ஒன்பதாம் இடங்களையும், செவ்வாய் நான்கு, எட்டாம் இடங்களையும் முழுமையாக நோக்கும் தனிச்சிறப்புடையன.

பாவ பலன்களைக் கூறும் அதிகாரத்தில் ஏழு கோள்களும் ஒவ்வொரு வீட்டிலும் தரும் பலனை அவர் எடுத்தோதினார். ஆனால் ஒரே அளவுகோலால் எல்லோரையும் அளந்தாரல்லர். சூரியன் முதல் வீட்டில் நின்றால் வீரமும் கண்ணில் குறையும் உண்டாகும் என்பது பொது விதி. அச்சூரியனே மேடத்தில் உச்சம் பெற்று அங்கு நின்றால் செல்வம் சேரும். துலாத்தில் நீசம் பெற்று நின்றால் வறுமை வரும். வீடு ஒன்றாயினும் ராசி மாறப் பலனும் மாறுகின்றது. ஒரு வீட்டை மட்டும் பார்த்து வாழ்வு முழுவதையும் தீர்மானித்தல் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தொழிலைக் கணிக்கும் அதிகாரமும் சுவை மிக்கது. பத்தாம் இடத்தில் சூரியன் நின்றால் தந்தை வழியாகவும், சந்திரன் நின்றால் தாய் வழியாகவும், செவ்வாய் நின்றால் பகைவர் வழியாகவும், புதன் நின்றால் நண்பர் வழியாகவும், குரு நின்றால் உடன்பிறந்தார் வழியாகவும், சுக்கிரன் நின்றால் மகளிர் வழியாகவும், சனி நின்றால் பணியாளர் வழியாகவும் பொருள் வரும் என்று அவர் வகுத்தார்.

கண்டதே சான்று

முன்னோர் கூறியதை அவர் மதித்தார். மயன், யவனர், மணித்தர், பராசரர், சத்தியர் முதலியோரின் கருத்துகளை அவர்தம் பெயருடனே எடுத்துரைத்தார். கிரேக்கராகிய யவனரிடமிருந்து வந்த சொற்களையும் மறைக்காது கையாண்டார். வேற்று நாட்டவராயினும் இக்கலையில் தேர்ந்தமையால் அவர்கள் முனிவர்போல் போற்றப்படுகின்றனர் என்று எழுதும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

ஆனால் முன்னோர் கூற்று வானத்தோடு பொருந்தாதபோது அதைச் சுட்டிக்காட்ட அவர் தயங்கவில்லை. சில யோகங்களில் புதனும் சுக்கிரனும் சூரியனுக்கு நான்காம் வீட்டில் நிற்பதாகப் பழைய நூல்கள் கூறின. அவ்விரு கோள்களும் சூரியனைவிட்டு அவ்வளவு தொலைவு விலகுவதே இல்லை. எனவே, முன் நூல்களைப் பின்பற்றியே அவற்றைத் தாம் எழுதியதாகவும், அத்தகைய நிலை எவ்வாறு கூடும் என்றும் அவர் தம் நூலிலேயே ஐயம் எழுப்பினார்.

ஆயுளைக் கணிக்கும் இடத்தில் அவர் காட்டிய நேர்மை இன்னும் நெஞ்சைத் தொடுவது. நிறைந்த ஆயுளைத் தரும் யோகமே பேரரசனாகும் யோகமும் ஆகும் என்று சிலர் கூறினர். பொருள் இல்லாத ஏழையரும் முழு ஆயுள் வாழ்வதைக் கண்ணாரக் காண்கிறோமே, ஆகவே அக்கூற்று குறையுடையது என்று அவர் மறுத்தார். அரண்மனைகளை மட்டுமன்றிக் குடிசைகளையும் அவர் கண்கள் நோக்கின. வாழ்வோடு பொருந்தாத விதியை, ஏட்டில் உள்ளது என்பதற்காக அவர் ஏற்கவில்லை.

கிரகணத்தைப் பற்றியும் அவர் தெளிவாகவே உரைத்தார். சந்திர கிரகணத்தில் சந்திரன் பூமியின் நிழலில் புகுகின்றது. சூரிய கிரகணத்தில் சந்திரன் சூரியனை மறைக்கின்றது என்று விளக்கினார். அதே வேளையில், கிரகண காலத்தில் செய்யும் தானத்திலும் வேள்வியிலும் ராகு பங்கு பெறுமாறு பிரமன் வரம் அளித்தான் என்னும் மரபையும் எடுத்துக் கூறினார். அறிவையும் வழிபாட்டையும் மோதவிடாமல் இரண்டிற்கும் உரிய இடத்தை அளித்த நடுநிலை அது. பஞ்சசித்தாந்திகையில் பௌலிசம், ரோமகம், வாசிட்டம், சௌரம், பைதாமகம் என்னும் ஐந்து சித்தாந்தங்களையும் ஒப்பிட்டு, சூரிய சித்தாந்தமே மிகத் துல்லியமானது என்றும், வாசிட்டமும் பைதாமகமும் வெகுவாகப் பிழைபட்டன என்றும் தீர்ப்புரைத்தார்.

சோதிடர்க்கு இலக்கணம்

பிருகத் சம்ஹிதை என்னும் அவருடைய பெருநூல் நூற்றுக்கும் மேற்பட்ட அதிகாரங்களைக் கொண்ட கலைக்களஞ்சியம். அதில் சோதிடர்க்குரிய இலக்கணத்தை விரிவாக வகுத்துள்ளார். சோதிடர் வாய்மை உடையவராகவும், பொறாமை அற்றவராகவும், கணிதத்தில் தேர்ந்தவராகவும், தம் கணக்கை வானத்தை நோக்கிச் சரிபார்ப்பவராகவும் இருத்தல் வேண்டும். சாத்திரத்தை முறையாகக் கற்காது சோதிடர் என வேடம் பூண்டு திரிவோரை அவர் பாவிகள் என்றே கடிந்தார். துன்பத்தால் துவண்டு நாடி வருவோரை மேலும் அச்சுறுத்திப் பொருள் பறிப்போர் எக்காலத்திலும் உளர். அத்தகையோரை இனங்காண அவர் வகுத்த இலக்கணம் இன்றும் நமக்கு உதவும்.

மழையும் நீரும் ஆலயமும்

தனி மனிதரின் ஜாதகத்தோடு அவருடைய அறிவு நின்றுவிடவில்லை. மேகம் கருக்கொள்ளும் குறிகளைக் கண்டு, 195 நாள்களுக்குப் பின் மழை பொழியும் என்று கணிக்கும் முறையை எழுதினார். மரங்களையும் புற்றுகளையும் மண்ணின் நிறத்தையும் கொண்டு நிலத்தடி நீரைக் காணும் வழிகளைத் தொகுத்தார். மரங்களுக்கு வரும் நோய்க்கு மருத்துவமும் கூறினார். உழவரின் நலமும் ஊரின் நலமும் அவர் கருத்தில் இருந்தன.

ஆலயம் எழுப்புவோர்க்கும் அந்நூல் வழிகாட்டியாகும். மேரு, மந்தரம், கைலாசம் முதலாக இருபது வகைக் கோயில்களை அவர் விவரித்தார். நீர்நிலைகளும் சோலைகளும் உள்ள இடங்களிலேயே தேவர்கள் விரும்பி உறைவர் என்பது அவர் கருத்து. இறைவன் திருவுருவங்களின் அளவுகளையும் பிரதிட்டை செய்யும் முறைகளையும் தனித்தனியே எழுதினார். சூரியனை வழிபடும் குடியில் தோன்றியவராயினும், திருமாலுக்கும் சிவபெருமானுக்கும் அன்னையர்க்கும் அவரவர் நெறியில் நிற்கும் அடியார்களே பிரதிட்டை செய்ய வேண்டும் என்று கூறிய பரந்த உள்ளம் அவருடையது.

மைந்தரும் மரபும்

அவருடைய மைந்தர் பிருதுயசஸ் தந்தை வழியில் நின்று, கேள்விச் சோதிடம் பற்றிய ஷட்பஞ்சாசிகை என்னும் நூலை இயற்றினார். 10ஆம் நூற்றாண்டில் பட்டோத்பலர் வராகமிகிரரின் நூல்களுக்கு விரிவான உரை வரைந்தார். 11ஆம் நூற்றாண்டில் பாரத நாட்டைப் பற்றி எழுதிய பாரசீக அறிஞர் அல்பிரூனி, வராகமிகிரரைப் பெரிதும் மதித்து லகு ஜாதகத்தை அரபு மொழியில் பெயர்த்தார். கேரளத்தில் தலக்குளத்து கோவிந்த பட்டதிரி, பிருகத் ஜாதகத்தின் முதல் பத்து அதிகாரங்களுக்குத் தசாத்தியாயி என்னும் உரை கண்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழரான ந. சிதம்பரம் ஐயர் பிருகத் ஜாதகத்தையும் பிருகத் சம்ஹிதையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இவ்வாறு அவந்தியில் ஏற்றிய விளக்கு பல நாடுகளிலும் பல மொழிகளிலும் ஒளி வீசியது.

அச்சம் நீக்கும் நெறி

கோள்நிலையை அறிந்தவர் அதற்கு அஞ்சி ஒடுங்க வேண்டும் என்று வராகமிகிரர் போதிக்கவில்லை. பிருகத் சம்ஹிதையில் கோள்களின் பெயர்ச்சிப் பலனை உரைத்த அவர், தீய பலனைத் தணிக்கும் வழியையும் அங்கேயே கூறியுள்ளார். தெய்வத்தையும் சான்றோரையும் போற்றுதல், சாந்தி செய்தல், செபம், நோன்பு, தானம், புலனடக்கம், நல்லோரோடு உரையாடல், நல்லோரைச் சேர்ந்திருத்தல் ஆகியவையே அவ்வழி. பெரும் பொருட்செலவு தேவைப்படாதவை இவற்றுள் பல. ஏழையும் செல்வரும் ஒருங்கே கைக்கொள்ளத்தக்கவை இவை.

பன்றிக்கொடிக் கதையில் மன்னன் மகனுக்கு மதிலையும் காவலையுமே துணையாக்கினான். வராகமிகிரர் தம் நூலில் காட்டிய துணையோ இறைவழிபாடும் நல்லொழுக்கமும் நல்லார் இணக்கமும் ஆகும். மதில் மனத்தின் அச்சத்தைத் தடுப்பதில்லை. நல்லோர் உறவும் தெய்வ நம்பிக்கையும் எத்தகைய காலத்தையும் தாங்கும் வலிமையைத் தருகின்றன.

சனி எந்த வீட்டில் நின்றாலும், குரு எந்த இடத்தை நோக்கினாலும், அவை நம் வினையைக் காட்டும் விளக்குகள் என்று உணர்ந்தால் கலக்கம் அகலும். கண்டதை மறைக்காத வாய்மையும், பிறர் அறிவைப் போற்றும் பணிவும், ஆராய்ந்து ஏற்கும் தெளிவும் கொண்டு வாழ்ந்த வராகமிகிரரை நினைந்து, நவக்கிரக சந்நிதியில் தீபம் ஏற்றும் அன்பர்கள் அச்சம் நீங்கிய உள்ளத்தோடு வழிபடுவார்களாக. ஞாயிறு முதலான கோள்கள் யாவும் இறைவன் ஆணைவழி நின்று எல்லோர்க்கும் நலம் அருளுமாக.